எடுவார்டு சூஸ்: ஆல்ப்ஸ் மலையைப் படித்து வியன்னாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பலூர் மாவட்டம் காரையில், மழை அரித்துப்போட்ட களிமண் மேடுகளுக்கு நடுவே, நிலவியல் மாணவர்களோடு வருடத்துக்கு ஒருமுறையாவது நடப்பது என் வழக்கம். வெயில் ஏற ஏற மண்ணில் கிடக்கும் ஜிப்சம் தகடுகள் கண்ணைக் கூசவைக்கும். யாராவது ஓர் அம்மோனைட் ஓட்டை, அதாவது அழிந்துபோன ஒரு கடல் உயிரின் சுருள் ஓட்டை, கையில் எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, "ஐயா, கடல் இவ்வளவு தூரம் எப்படி உள்ளே வந்துச்சு?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வியன்னாவில் போய் நிற்கும், எடுவார்டு சூஸிடம். அவர் அரசியல்வாதியும்கூட என்றால் மாணவர்களுக்கு ஆச்சரியம். பிறகு கேள்விக்கு மேல் கேள்வி வரும். அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

யார் இந்த எடுவார்டு சூஸ்?

1831 முதல் 1914 வரை வாழ்ந்த ஆஸ்திரிய நிலவியலாளர். ஆல்ப்ஸ் மலை எப்படி உண்டானது என்று எழுதியவர். கோண்டுவானா நிலம், டெத்திஸ் கடல், உயிர்க்கோளம் என்று இன்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் படிக்கிற சொற்களை அறிவியலுக்குக் கொடுத்தவர். அதே மனிதர் வியன்னா மாநகராட்சியில் கவுன்சிலர், மாகாண சபை உறுப்பினர், 24 வருடம் ஆஸ்திரிய நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு பெருநகரத்தின் குடிநீரையே மாற்றிக் காட்டியவர்.

பெயரை எப்படி உச்சரிப்பது? சூயஸ் கால்வாய்க்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

'சூஸ்' என்றே சொல்லலாம். ஜெர்மானியர்கள் முதல் எழுத்தைச் சற்று அதிர்வோடும், உகரத்தை உதடு குவித்து இகரம் கலந்தும் சொல்வார்கள். கால்வாய்க்கும் இவர் பெயருக்கும் தொடர்பில்லை. ஆனால் சூயஸில் மண் தோண்டிய இயந்திரங்கள் பின்னால் இவர் கதையில் வரும்.

லண்டனில் பிறந்தவர் எப்படி ஆஸ்திரியர் ஆனார்?

அப்பா சாக்சனி நாட்டுப் புராட்டஸ்டன்ட், கம்பளி வியாபாரி. அம்மா ப்ராக் நகரத்தில் வங்கித் தொழில் செய்த யூத வம்சாவளிக் குடும்பத்துப் பெண். வியாபாரத்துக்காக லண்டனில் இருந்தபோது, 1831 ஆகஸ்ட் 20 அன்று, இஸ்லிங்டன் பகுதியில் எடுவார்டு பிறந்தார். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் ப்ராக் வந்தது, பதினான்கு வயதில் வியன்னா. ஆங்கிலம் அவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே வாய்த்த மொழி. பிற்காலத்தில் உலகம் முழுக்க எழுதப்பட்ட நிலவியல் அறிக்கைகளை வரவழைத்து வாசித்தவருக்கு அது எவ்வளவு உதவியிருக்கும்!

பட்டமே வாங்காமல் பேராசிரியர் ஆனார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1848 புரட்சியின்போது அவர் வியன்னா பாலிடெக்னிக்கில் மாணவர். மாணவர் படையில் சேர்ந்தார். கலவரம் மிஞ்சியதும் வீட்டார் ப்ராகுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கேதான் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த, ப்ராகைச் சுற்றியுள்ள பொஹீமியா பகுதியின் புதைபடிவங்களில் மனம் ஒட்டிக்கொண்டது. 1850 டிசம்பரில் அரசியல் சந்தேகத்தின்பேரில் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். ஏகாதிபத்திய நிலவியல் நிறுவனத்தின் தலைவர் வில்ஹெல்ம் ஹைடிங்கர் தலையிட்டு வெளியே கொண்டுவந்தார். படிப்பு அதோடு அறுந்தது.

1852-இல் அரசவைக் கனிமக் காட்சியகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. அங்கே பிராக்கியோபாட் என்னும், சிப்பி போன்ற ஓடுடைய கடல் உயிர்களின் புதைபடிவங்களை ஒன்றொன்றாகப் பிரித்து அடுக்கினார். மேலோட்டமாகப் பார்த்தால் நம் கடற்கரைச் சிப்பி மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே நுண்ணிய சுண்ணாம்பு வளைவு ஒன்று இருக்கும். சில வகைகளில் அது வளையம், சிலவற்றில் சுருள். அதை உடைக்காமல் சுரண்டி எடுத்துப் பார்த்தால்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். இப்படி உட்கார்ந்து வேலை செய்தவர், 1854-இல் ஆல்ப்ஸ் மலையின் கோஸன் அடுக்குப் பிராக்கியோபாட்களைப் பற்றி எழுதினார். எந்தச் சிப்பி எந்த அடுக்கு என்று தெரிந்துவிட்டால், மலையில் எந்த அடுக்கு புரண்டு கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பெரிய மலையைப் படிக்கச் சின்னச் சிப்பிதான் அவருக்கு எழுத்துக் கற்பித்தது.

டாக்டர் பட்டம் இல்லை என்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமையை மறுத்தார்கள். கல்வி அமைச்சர் லியோ துன் 1857-இல் அவரை நேரடியாகத் தொல்லுயிரியல் பேராசிரியராக நியமித்தார். அப்போது வயது 26 கூட நிறையவில்லையோ என்னவோ, அவ்வளவு இளமை. 1862-இல் நிலவியலுக்கு மாறினார், 1867-இல் முழுப் பேராசிரியர். 1901-இல் எழுபது வயதில் ஓய்வுபெறும்வரை அங்கேதான்.

ஆல்ப்ஸ் மலையில் அவர் புதிதாக என்ன கண்டார்?

அவருக்கு முன்னால், மலை என்றால் அடியிலிருந்து உருகிய பாறை முட்டிக்கொண்டு மேலே வந்தது, நடுவில் கருங்கல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவு என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். சூஸ் மலைகளைக் குறுக்கே நடந்து பார்த்தார். வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் ஒத்துப்போகவே இல்லை. 1875-இல் ஆல்ப்ஸின் தோற்றம் பற்றிச் சிறிய புத்தகம் ஒன்று வெளியிட்டார். மலை மேலே தூக்கப்பட்டதல்ல, பக்கவாட்டில் தள்ளப்பட்டது என்று அதில் வாதாடினார்.

வீட்டில் செய்து பார்க்கலாம். தரையில் விரித்த பாயை ஒரு ஓரத்திலிருந்து தள்ளுங்கள். மடிப்பு மடிப்பாக எழும். தள்ளும் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் மடிப்பின் வடிவம் வேறுபடும். பாயின் வழியில் அம்மிக்கல் கிடந்தால் மடிப்பு அங்கே முட்டி வளைந்து போகும். வியன்னாவுக்கு வடமேற்கே உள்ள பழைய பொஹீமியப் பாறைத்தொகுதிதான் அந்த அம்மிக்கல். அதில் முட்டித்தான் ஆல்ப்ஸின் மடிப்புகள் வளைந்தன என்று அவர் காட்டினார். ஒரு மலையைப் புரிந்துகொள்ள அதன் எதிரே அசையாமல் நிற்கும் நிலத்தையும் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பார்வை அன்றைக்குப் புதுசு. உயிர்க்கோளம் என்ற சொல் முதன்முதலில் வந்ததும் இந்தச் சின்னப் புத்தகத்தில்தான்.

மலையில் சுத்தியல் பிடித்தவர் ஏன் அரசியலுக்கு வந்தார்?

நான் அதிகம் யோசித்த கேள்வி இது. பதவி ஆசை என்று சொல்ல எதுவும் கண்ணில் படவில்லை. காரணம் வியன்னாவின் மண்தான்.

1862-இல் வியன்னா நகரத்தின் நிலத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நகரத்துக்கு அடியில் கடினமான நீலநிறக் களிமண், அதன்மேல் டான்யூப் ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளை. மழைத்தண்ணீர் சரளை வழியாக இறங்கிக் களிமண்ணின் மேல் தேங்கும். கிணறுகள் அந்தத் தண்ணீரைத்தான் எடுத்தன. அதே சரளையில்தான் வீடுகளின் கழிவுக்குழிகள் இருந்தன. பழைய இடுகாடுகளின் கசிவும் அதே வழியாகத்தான் இறங்கியது. கழிவுக்குழி ஒரு முற்றத்தில், கிணறு பக்கத்து முற்றத்தில். இரண்டுக்கும் நடுவே சுவர் இருக்கிறது என்று மனிதர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குக் கீழே சுவர் ஏது? டைபாய்டும் காலராவும் வந்துகொண்டே இருந்தன. 1841 முதல் டான்யூப் கரையிலிருந்து வடிகட்டிக் கொடுத்த நீரும் பெருகிவரும் ஊருக்குப் போதவில்லை.

எழுதியதோடு விட்டிருக்கலாம், எத்தனையோ அறிக்கைகளுக்கு அப்படித்தான் நடக்கிறது. அவர் விடவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. 1863-இல் மாநகராட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், குடிநீர்க் குழுவில் உட்கார்ந்தார்.

மலை ஊற்றுத் திட்டம் என்றால் என்ன?

வியன்னாவுக்குத் தென்மேற்கே ஷ்னீபெர்க், ராக்ஸ் என்று இரண்டு பெரிய மலைகள். ஆல்ப்ஸின் கிழக்குக் கோடி. இரண்டும் சுண்ணாம்புக்கல். உச்சியில் பெய்கிற மழையும் உருகுகிற பனியும் ஓடையாக ஓடாது. கல்லில் உள்ள வெடிப்புகளிலும் குழிகளிலும் இறங்கி மறைந்துவிடும். மலை ஒரு சல்லடை மாதிரி. அடிவாரத்தில் தண்ணீர் புகாத களிப்பாறை ஒன்று தட்டுப்போலக் கிடக்கிறது. இறங்கிவந்த தண்ணீர் அதற்குக் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் பொங்கி ஊற்றாக வெளியே வரும். இந்த அமைப்பைத் தெரிந்தவருக்குத்தான் எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, எது மழைக்கு மட்டும் ஓடும் என்று கணிக்க முடியும்.

ஹோல்லென்டால் பள்ளத்தாக்கில் உள்ள கைசர்ப்ரூன்னென், அதாவது பேரரசர் ஊற்று, அப்படிப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆறாம் சார்லஸ் பேரரசர் வேட்டைக்குப் போன இடத்தில் அதைக் குடித்துப் பார்த்துப் பிடித்துப்போய், குதிரைவீரர்களை அனுப்பி அரண்மனைக்குத் தண்ணீர் எடுத்துவரச் செய்தார். ராஜா வீட்டுக்கு மட்டும் குதிரைமேல் வந்த தண்ணீர் அது. அதை ஊரில் உள்ள எல்லோர் வீட்டுக்கும் கொண்டுவர வேண்டும் என்றது சூஸ் இருந்த குழு. 1864-இல் அறிக்கை வந்தது. 1865 மே 1 அன்று, நகரின் நடுப்பகுதியைச் சுற்றிப் போட்ட ரிங் சாலையின் திறப்பு விழாவில், ஃபிரான்ஸ் ஜோசப் பேரரசர் அந்த ஊற்றை நகரத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். ஷ்டிக்ஸென்ஷ்டைன் ஊற்றை ஹோயோஸ் பிரபு கொடுத்தார்.

வேலை 1870-இல் தொடங்கியது. சுமார் 95 கிலோமீட்டர். மலையைக் குடைந்த சுரங்கங்கள், பள்ளத்தாக்குகளின் மேல் செங்கல் வளைவுப் பாலங்கள். வழி நெடுக எங்கேயும் பம்ப் இல்லை. ஊற்று உயரத்தில், ஊர் தாழ்வில். சரிவைக் கணக்காக வைத்துக் கட்டினால் தண்ணீர் தானாகவே வந்து சேரும். பாடன், மோட்லிங் ஊர்களில் அந்த வளைவுகள் இன்றும் நிற்கின்றன, தண்ணீர் இன்றும் அவற்றின் மேல் ஓடுகிறது.

1873 அக்டோபர் 24 அன்று ஷ்வார்ட்ஸென்பெர்க் சதுக்கத்தில், பேரரசர் முன்னிலையில், புதிய நீரூற்றுத் தூண் வானத்துக்குப் பீய்ச்சி அடித்தது. மலையில் இறங்கிய பனி, ஊர் நடுவே, இயந்திரம் இல்லாமல் தன் அழுத்தத்திலேயே எழுந்து நின்றது. அந்த வருடமே நகரம் சூஸுக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் கொடுத்தது.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா?

இல்லை. பக்கத்தில் ஆறு ஓடும்போது மலைக்குப் போவானேன், செலவு தாங்குமா, தண்ணீர் போதுமா என்று எதிர்ப்பு இருந்தது. காலமும் கெட்ட காலம். 1873 மே 1 அன்று வியன்னாவில் உலகக் கண்காட்சி திறந்தது. மே 9 அன்று பங்குச்சந்தை சரிந்தது. கோடையில் காலரா வந்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அக்டோபரில் வந்த தண்ணீர் மே மாதமே வந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

பலன் கிடைத்ததா?

மலைத்தண்ணீர் இணைப்புக் கிடைத்த வீடுகளில் டைபாய்டுச் சாவு கிடுகிடுவெனக் குறைந்தது. ஊர் பெருகியதால் 1910-இல் ஹோக்ஷ்வாப் மலையிலிருந்து இரண்டாவது குழாய்வழி வந்தது, சுமார் 180 கிலோமீட்டர். அதையும் பார்க்கும் ஆயுள் சூஸுக்கு இருந்தது. இன்றும் வியன்னாவின் குடிநீர் ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டு வழியில்தான் வருகிறது.

டான்யூப் ஆற்றில் அவர் செய்தது என்ன?

அன்றைய டான்யூப், வியன்னாவுக்குப் பக்கத்தில் பல கிளைகளாகப் பிரிந்து, சதுப்பும் தீவுமாகக் கிடந்தது. 1830-இலும் 1862-இலும் பெரிய வெள்ளம். ஆற்றைப் பழைய வளைவிலேயே வைத்துக் கரை கட்டுவதா, நேராகப் புதுப் படுகை வெட்டுவதா என்று வருடக்கணக்கில் வாக்குவாதம். நேர்வெட்டு என்ற பக்கம் நின்றவர்களில் சூஸும் ஒருவர். ஆற்றுச் சீரமைப்புக் குழுவிலும் இருந்தார். 1870 முதல் 1875 வரை வேலை நடந்தது. சூயஸ் கால்வாயில் வேலை செய்த பிரெஞ்சு ஒப்பந்தக்காரர்கள் அங்கே ஓட்டிய தோண்டும் இயந்திரங்களையே இங்கே கொண்டுவந்தார்கள். 1875 மே 30 அன்று புதிய படுகை திறந்தது.

அது போதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1897, 1899, 1954 வருடங்களில் மறுபடி வெள்ளம் வந்தது. 1972-இல் தொடங்கி இணையாக இன்னொரு கால்வாய் வெட்டி, வெட்டிய மண்ணால் நீண்ட தீவு ஒன்றை உண்டாக்கினார்கள். வியன்னாக்காரர்கள் விடுமுறைக்குக் குளிக்கப் போகிற டான்யூப் தீவு அதுதான்.

நாடாளுமன்றத்தில் எந்தப் பக்கம்?

தாராளவாதிகள் பக்கம். 1869 முதல் 1896 வரை கீழ் ஆஸ்திரிய மாகாண சபை, 1873 முதல் 1897 வரை நாடாளுமன்றம். நல்ல பேச்சாளர். அவர் அதிகம் போராடியது பள்ளிக்கூடத்துக்காக. 1869-இல் வந்த சட்டம் எட்டு வருடக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தது, பள்ளியைத் திருச்சபையின் கையிலிருந்து எடுத்து அரசின் பொறுப்பாக்கியது. 1888-இல் அலாய்ஸ் லிச்டென்ஷ்டைன் இளவரசர் அதைப் பின்னுக்கு இழுக்கும் தீர்மானம் கொண்டுவந்தபோது சூஸ் கடுமையாக எதிர்த்தார்.

தங்கம், வெள்ளி பற்றியும் எழுதினாராமே?

ஆமாம். உலக நாடுகள் எல்லாம் தங்கத்தை நாணய அடிப்படையாக்கப் பார்த்த காலம். 1877-இல் தங்கத்தின் எதிர்காலம் பற்றியும் 1892-இல் வெள்ளியின் எதிர்காலம் பற்றியும் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஆற்று மணலில் எளிதாகக் கிடைத்த தங்கம் தீர்ந்துகொண்டிருக்கிறது, உலகம் முழுக்கத் தங்கத்தில் நிற்க முடியாது, வெள்ளியைக் கைவிடாதீர்கள் என்பது அவர் வாதம். வெள்ளி பற்றிய புத்தகத்தை அமெரிக்க செனட்டின் நிதிக்குழு 1893-இல் ஆங்கிலத்தில் அச்சிட்டது. கணிப்பு பலிக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தங்க வயல்களும், தாழ்ந்த தரக் கல்லிலிருந்துகூடத் தங்கம் பிரிக்கும் சயனைடு முறையும் கணக்கை மாற்றிவிட்டன.

அரசியலை ஏன் விட்டார்?

1888-இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் ரெக்டர், அதாவது தலைவர், ஆனார். மாணவர் நடுவே யூத வெறுப்புக் கிளர்ச்சி ஓங்கியிருந்தது. அம்மா வழியைச் சொல்லி அவரையே தாக்கினார்கள். வருடம் முடியும் முன்பே பதவி விலகினார். ஊரிலும் காற்று திரும்பியிருந்தது. யூத வெறுப்பை மேடைப் பேச்சாக்கிய கார்ல் லூகர் 1897-இல் மேயர் ஆனார். அதே வருடம் சூஸ் நாடாளுமன்றத்தை விட்டு வெளியே வந்தார். தான் குடிநீர் கொண்டுவந்து கொடுத்த ஊரே தன்னை அயலானாகப் பார்த்ததை அவர் எப்படித் தாங்கினார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் நேரே எழுத்து மேசைக்குத் திரும்பினார். 1898 முதல் 1911 வரை அறிவியல் அகாடமியின் தலைவராகவும் இருந்தார்.

கோண்டுவானா என்று பெயர் வைத்தது அவர்தானா?

கண்டத்துக்கு வைத்தது அவர். சொல் நம்முடையது. மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் வனப்பகுதியின் பெயர் கோண்டுவானா. அங்குள்ள பழைய பாறை அடுக்குகளுக்கு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி மெட்லிகாட் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். அந்த அடுக்குகளில் குளோசாப்டெரிஸ் என்னும் நாக்கு வடிவ இலையின் அச்சு கிடைக்கும். அதே இலை ஆப்பிரிக்காவிலும் கிடைத்தது. அப்படியென்றால் இவை ஒரே நிலமாக இருந்திருக்க வேண்டும் என்று சூஸ் முடிவுக்கு வந்து, 'பூமியின் முகம்' என்ற தன் பெரிய நூலில் அந்த நிலத்துக்குக் கோண்டுவானா நிலம் என்று பெயர் சூட்டினார். அந்த நூல் 1883-இல் தொடங்கி 1909-இல்தான் முடிந்தது. அதன் வடக்கே இருந்த பழைய கடலுக்கு 1893-இல் டெத்திஸ் என்று பெயர் வைத்தார். இமயமலையின் மேல் கடல் சிப்பி கிடைப்பது அந்தக் கடலால்தான்.

அப்படியானால் கோண்டுவானாதானே குமரிக்கண்டம்?

வருடா வருடம் வரும் கேள்வி. கேட்கிற பிள்ளையின் மொழிப்பற்று எனக்குப் புரிகிறது, ஆனால் பதில் இல்லை என்பதுதான். கோண்டுவானா உடையத் தொடங்கியது பதினைந்து கோடி வருடங்களுக்கும் முன்னால், மனிதர் யாரும் இல்லாத காலம். லெமூரியா என்பது வேறு. லெமூர் விலங்குகள் மடகாஸ்கரில் மிகுந்திருப்பதை விளக்க பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864-இல் ஊகித்த நிலம் அது. கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்த ஊகம் தேவைப்படாமல் போயிற்று. சங்கநூல்களும் உரைகளும் சொல்லும் கடல்கோளை இலக்கியமாகவும் கரையோர வரலாறாகவும் தனியே படிப்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

தமிழ்நாட்டோடு அவருக்கு ஏதாவது தொடர்பு?

அவர் இங்கே வந்ததில்லை. அவர் மாணவர்களின் கைகள் வந்தன. வியன்னாவில் அவரிடம் படித்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1862-இல் கல்கத்தா வந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயர் பெற்ற நம் கிரிட்டேசியஸ் கால (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) அடுக்குகளின் அம்மோனைட், சிப்பி, நத்தை ஓடுகளை வகைபிரித்துத் தொகுதி தொகுதியாக எழுதினார். இன்றும் மாணவர் ஒருவர் ஓட்டைக் கொண்டுவந்து நீட்டினால் அடையாளம் காண அந்தப் படத்தகடுகளைத்தான் முதலில் புரட்டுகிறோம். மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் நகருக்குப் போன பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1874-இல், லடாக் மலையுயரத்தில் மூச்சுத் திணறி ஸ்டோலிச்கா இறந்துபோனார். 36 வயது. லேயில் அடக்கம். இருபது வருடம் கழித்து நம் பகுதி அம்மோனைட்களை மறுபடி ஆராய்ந்து எழுதிய ஃபிரான்ஸ் கோஸ்மாட்டும் வியன்னாவில் சூஸின் மாணவர்தான்.

காரையில் மாணவர்கள் கேட்கிற கேள்விக்கும் இங்கேதான் பதில். ஒரே காலத்தில் பல கண்டங்களில் கடல் உள்ளே ஏறியிருப்பதைச் சூஸ் கவனித்தார். ஒவ்வோர் ஊரிலும் நிலம் தனித்தனியாகத் தாழ்ந்தது என்று சொல்வதைவிட, உலகம் முழுவதும் கடல்மட்டமே உயர்ந்தது என்பது பொருந்தும் என்று 1888-இல் எழுதினார். காரைக் களிமண் அந்தக் கடலின் அடிமண்.

அவர் சொன்னது எல்லாம் சரியா?

பெரிய தவறு ஒன்று உண்டு. பூமி ஆறிச் சுருங்குகிறது, வெயிலில் காயும் நெல்லிக்காயின் தோல் சுருங்குவதுபோல மேலோடு மடிந்து மலையாகிறது என்று நம்பினார். கண்டங்களுக்கு நடுவே இருந்த நிலம் கடலுக்குள் அமிழ்ந்தது என்றும் நினைத்தார். நிலமே விலகிப் போனது என்பதைப் பின்னால் ஆல்ஃபிரட் வெக்னர் சொன்னார், அதற்குச் சூஸ் திரட்டிய சான்றுகளையும் எடுத்துக்கொண்டார்.

சுருக்கக் கொள்கையை வீழ்த்தியவற்றுள் ஒன்று கதிரியக்கம். பாறைக்குள்ளேயே வெப்பம் பிறக்கிறது என்று தெரிந்ததும் பூமி வெறுமனே ஆறிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு நிற்கவில்லை. மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியம் பிரிக்க யுரேனியத் தாதுக் கழிவைக் கேட்டபோது, பொஹீமியாவின் ஜோவாகிம்ஸ்தால் சுரங்கத்திலிருந்து அது போய்ச்சேர உதவியது சூஸ். தன் கொள்கையைப் பின்னாளில் அசைக்கப்போகும் கல்லைத் தானே அனுப்பிவைத்திருக்கிறார்.

குடும்பம்?

1855-இல் ஹெர்மினே ஸ்ட்ராஸ் என்ற டாக்டர் வீட்டுப் பெண்ணை மணந்தார். மகன் ஃபிரான்ஸ் எடுவார்டும் நிலவியல் பேராசிரியர். மருமகன் மெல்கியோர் நோய்மையர் பெயர்பெற்ற தொல்லுயிரியலாளர். பேரன் ஹான்ஸ் சூஸ் வேதியியலாளர். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் காற்றில் கலக்கும் பழைய கார்பன், காற்றிலுள்ள கதிரியக்கக் கார்பனின் விகிதத்தைக் குறைக்கிறது என்று கண்டறிந்தவர். சூஸ் விளைவு என்று பாடத்தில் வருவது பேரனின் பெயர், தாத்தாவினுடையது அல்ல. தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

பரிசுகள்?

லண்டன் நிலவியல் கழகத்தின் வொல்லஸ்டன் பதக்கம் 1896-இல், ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1903-இல். நிலவிலும் செவ்வாயிலும் ஒவ்வொரு பள்ளத்துக்கு அவர் பெயர்.

இவரைப் போல வேறு நிலவியலாளர் அரசியலில் இருந்திருக்கிறார்களா?

ஆல்ப்ஸை ஒட்டியே இருவர் உண்டு. கனிமவியலாளர் குவின்டினோ செல்லா, 1863-இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையேறுவோர் கழகத்தைத் தொடங்கியவர், மூன்று முறை இத்தாலியின் நிதியமைச்சர். சுவிஸ் அறிஞர் லூயி அகாசியோடு பனியாறுகளை ஆராய்ந்த கார்ல் ஃபோக்ட், 1848 ஃபிராங்க்ஃபர்ட் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார், பிறகு சுவிட்சர்லாந்து நாடாளுமன்றத்திலும்.

இன்று அவர் நினைவாக எதைப் பார்க்கலாம்?

1914 ஏப்ரல் 26 அன்று வியன்னாவில் காலமானார். உலகப்போர் தொடங்க மூன்று மாதம் இருந்தது. குடும்பத்து வீடு இருந்த மார்ட்ஸ் என்ற கிராமத்தில் அடக்கம் செய்தார்கள், இன்றைய பூர்கென்லாந்து மாநிலத்தில். கைசர்ப்ரூன்னென் ஊற்றுப் பக்கம் குழாய்வழிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஷ்வார்ட்ஸென்பெர்க் சதுக்கத்து நீரூற்று கோடையில் இன்றும் பீய்ச்சுகிறது. அங்கே போகிற தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இருந்தால், பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம். தெருக்குழாயைத் திறந்து கையில் பிடித்துக் குடியுங்கள். குளிர்ந்திருக்கும்.